கீமோ முடிந்த பிறகு எந்த உடற்பயிற்சி? வன்னியில் இருப்பவர்களுக்கு ஒரு ஒப்பீடு

புற்றுநோய்ச் சிகிச்சை முடித்து வீட்டுக்கு வருபவருக்கு எங்கள் பக்கத்தில் முதலில் கிடைக்கும் அறிவுரை, "ஒண்டும் செய்யாமல் பேசாமல் படுங்கோ" என்பதுதான். அன்பில் சொல்வது. தண்ணீர்ச் செம்பு கட்டிலுக்கே வரும், முற்றம் கூட்டப் போனால் தும்புத்தடியைக் கையிலிருந்து பிடுங்கிவிடுவார்கள். கிளினிக்கில் டொக்டர் சொல்வது வேறு. "உடற்பயிற்சி செய்யுங்கள்" என்கிறார். எந்தப் பயிற்சி, எங்கே, எவ்வளவு என்று விளக்க அவருக்கு நேரம் இருப்பதில்லை, வெளியே வாங்கு நிறைய ஆட்கள் காத்திருக்கிறார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையடியில் பஸ் ஏறி, யாழ்ப்பாணத்தில் மாறி, பரந்தனில் இறங்கி, அங்கிருந்து தருமபுரத்துக்கோ விசுவமடுவுக்கோ வந்து சேரும்போது, அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்விதான் கையில் மிஞ்சும்.

வன்னியில் ஒருவருக்கு உண்மையிலேயே கிடைக்கக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்கிறேன்: நடை, சைக்கிள், வயலும் தோட்டமும், வீட்டிலேயே பாரம் தூக்குவது, டவுன் ஜிம், யோகா. சிகிச்சை முடித்தவர்களைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். நோய் வராமல் பார்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கும் கடைசியில் சில விஷயம் இருக்கிறது.

முதலில், படுக்கையா அசைவா

கீமோவும் கதிர்ச் சிகிச்சையும் தரும் களைப்பு, வயலில் வேலை செய்து வரும் களைப்பைப் போன்றதல்ல. அது நித்திரை கொண்டாலும் போகாது. படுக்கப் படுக்கத் தசை கரையும், தசை கரையக் கரையக் களைப்புக் கூடும். இந்தச் சுழலை உடைப்பது அளவான அசைவுதான் என்பதில் மருத்துவ உலகில் இப்போது பெரிய கருத்து வேறுபாடு இல்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி கூட்டிய பல நாட்டு வல்லுநர் குழு 2019இல் வெளியிட்ட வழிகாட்டல், கிழமைக்கு 3 நாள் 30 நிமிடம் மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்கு அசைவதையும், 2 நாள் தசைப் பயிற்சி செய்வதையும் அடிப்படையாக வைக்கிறது. இதை 8 முதல் 12 கிழமை விடாமல் செய்தவர்களுக்குக் களைப்பும் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்திருக்கின்றன, அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் கூடியிருக்கிறது.

உயிர் பிழைப்பதைப் பற்றிய வலுவான ஆதாரம் 2025 யூனில் வந்தது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவைச் சிகிச்சையும் கீமோவும் முடித்த 889 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். பெரும்பாலும் கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் இருந்தவர்கள். ஒரு குழுவுக்கு ஆரோக்கிய வாழ்க்கை பற்றிய அறிவுரைப் புத்தகங்கள் மட்டும். மற்றக் குழுவுக்கு அதே புத்தகங்களோடு 3 வருடம் தொடர்ந்து வழிநடத்த ஒரு பயிற்றுநர். ஐந்து வருட முடிவில் நோய் திரும்பாமல் உயிரோடு இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 80.3 வீதம், புத்தகக் குழுவில் 73.9 வீதம். எட்டு வருட முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 90.3 வீதம், மற்றப் பக்கம் 83.2 வீதம். சில மருந்துகளே இந்தளவு வித்தியாசம் தருவதில்லை.

அந்த ஆய்வில் என் மனதில் நின்றது இன்னொன்று. இரண்டு குழுவுக்கும் ஒரே தகவல்தான் போய்ச் சேர்ந்தது. நடப்பது நல்லது என்று இரண்டு குழுவுக்கும் தெரியும். ஒரு குழுவுக்கு, முதலில் இரண்டு கிழமைக்கு ஒருமுறையும் பிறகு மாதம் ஒருமுறையும், "எப்படி, போன கிழமை நடந்தீங்களா?" என்று கேட்க ஓர் ஆள் இருந்தார். சில சந்திப்புகள் தொலைபேசியிலேயே நடந்தன. அவர்கள் செய்ததும் பெரிய வித்தை இல்லை. வழக்கமாகச் செய்வதற்கு மேலாக, கிழமைக்கு மூன்று நான்கு தடவை முக்கால் மணி நேரம் முதல் ஒரு மணி நேரம் வரை வேகமாக நடப்பதற்குச் சமமான அசைவு. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வழியையும் பார்க்கும்போது, இது எவ்வளவு கலோரி எரிக்கும் என்பதைவிட, இதில் உங்களுக்குத் துணை யார் என்பதையே நான் முதலில் கேட்கிறேன். அடுத்தது, மாரியிலும் கோடையிலும் இது நிற்குமா என்பது.

இந்த முடிவு பெருங்குடல் புற்றுநோய்க்கு உரியது என்பதையும் சொல்லவேண்டும். மற்றப் புற்றுநோய்களுக்கு இதே எண்களை ஒட்டிவைக்க முடியாது. களைப்பும் மனநிலையும் உடல் பலமும் திருந்துவது அநேகமாக எல்லோருக்கும் பொருந்தும்.

நடை

செலவில்லை. செருப்புப் போதாது, குதியைப் பிடிக்கும் ஒரு சோடி சப்பாத்து வேண்டும், அவ்வளவுதான். அளவுகோலும் சுலபம்: நடக்கும்போது கூட வருபவரோடு கதைக்க முடியவேண்டும், ஆனால் பாட்டுப் பாட முடியக்கூடாது. அதுதான் மிதமான வேகம். கீமோ நடந்துகொண்டிருக்கும் காலத்தில் 5 நிமிடத்தில் தொடங்கினாலும் குறையில்லை. காலையில் பத்து, பின்னேரம் பத்து என்று உடைத்துச் செய்தாலும் கணக்கில் சேரும்.

இடம்தான் பிரச்சினை. ஏ9 ஓரத்தில் நடப்பதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். பஸ்ஸும் டிப்பரும் போகும் வேகத்தில், கீமோவால் கால் மரத்துப்போன ஒருவர் சட்டென்று விலக முடியாது. குளக்கட்டு நல்ல இடம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, அக்கராயன் என்று வன்னியில் நீளமான கட்டுகளுக்குக் குறைவில்லை. தரை மட்டமாக இருக்கும், காற்று வரும், வாகனம் குறைவு. ஆனால் மூன்று கஷ்டம். ஒன்று, நிழல் இல்லை. பங்குனி பிறந்தால் காலை எட்டு மணிக்கே வெயில் சுடத் தொடங்கிவிடும். சில கீமோ மருந்துகளோடு வெயில் பட்டால் தோல் கருகும். இரண்டு, ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் போன்ற இடங்களில் விடியப்புறமும் மைமலிலும் யானை வரும். மூன்று, மாரியில் கட்டு வழுக்கும், புல் வளரும், பாம்பு இருக்கும்.

இரண்டு இடம் வைத்துக்கொள்வது நல்லது. கோடையில் சூரியன் வந்து வெளிச்சம் தெளிந்த பிறகு, வெயில் ஏறுமுன், கட்டு. மாரியில் பாடசாலை மைதானம், கோயில் வெளிவீதி, சனசமூக நிலையத்து விறாந்தை, எதுவும் இல்லாவிட்டால் வீட்டு விறாந்தை. கோயில் வீதியின் நன்மை, அங்கே நடக்கும் பெண்ணைப் பார்த்து "எங்க இந்த நேரத்தில?" என்று யாரும் கேட்பதில்லை. இது சின்ன விஷயம் போலத் தெரியும். தலைமயிர் கொட்டிய நிலையில் றோட்டில் நடக்கக் கூச்சப்படும் ஒரு பெண்ணுக்கு இதுதான் நடப்பதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கும்.

துணை என்று பார்த்தால் நடைதான் முதலில் நிற்கிறது. மாதர் சங்கத்தில் இரண்டு பேர், அயல் வீட்டு அக்கா, பேரப்பிள்ளை, யாராவது கூட வரலாம், வருபவருக்கும் பலன். வடக்கு மக்களுக்கு நடையோடு இன்னொரு தொடர்பும் உண்டு. 2011 யூலையில் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை ஏறத்தாழ 670 கிலோமீற்றர் நடந்து சேர்த்த காசில்தான் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலை கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் என்று எல்லோரும் நடந்தார்கள். இன்று அங்கே சிகிச்சை பெறும் வன்னி ஆட்களுக்கு இது தெரியவேண்டும் என்று நினைக்கிறேன்.

நேர்த்தி பற்றியும் சொல்லவேண்டும். சுகமானால் கதிர்காமத்துக்குப் பாத யாத்திரை போகிறேன், மடுவுக்கு நடந்து வருகிறேன் என்று நேர்ந்தவர்கள் நிறையப் பேர். நேர்த்தியை நான் மதிக்கிறேன், அது ஒருவரை எழுப்பி நடக்க வைக்கும் பெரிய உந்துதல். ஆனால் சிகிச்சை முடிந்த கையோடு நாள்கணக்காக நடப்பது பயிற்சி ஆகாது, உடம்பைக் குலைத்துவிடும். அடுத்த வருடத்துக்கென்று நேர்ந்துகொண்டு, இந்த வருடம் அதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாக நடந்து பழகுங்கள். அங்கப்பிரதட்டை மட்டும் வேண்டாம். எலும்புக்கு நோய் பரவியவருக்கும், மலம் போக வயிற்றில் பை வைத்தவருக்கும், மார்பில் கீமோ ஏற்றக் குழாய் வைத்திருப்பவருக்கும் அது ஆபத்து.

சைக்கிள்

வன்னியில் சைக்கிள் இல்லாத வீடு குறைவு, ஓடத் தெரியாத ஐம்பது வயதுக்காரரும் குறைவு. முழங்கால் நோவு உள்ளவருக்கும் உடம்பு பருத்தவருக்கும் நடையைவிட இது இலகு, ஏனென்றால் உடற்பாரம் மூட்டில் விழாது. கடைக்கு, கோயிலுக்கு, பிள்ளையை ரியூசனுக்கு ஏற்றி இறக்க என்று அன்றாடப் பயணத்தோடு சேர்ந்துவிடுவதால் தனியாக நேரம் ஒதுக்கவும் தேவையில்லை. நோய் வராமல் தடுக்க நினைப்பவருக்கு நான் சைக்கிளை நடைக்கு மேலே வைப்பேன். மோட்டார் சைக்கிள் வந்த பிறகு கால் கிலோமீற்றருக்கும் அதை உதைத்து எடுக்கும் பழக்கம் எங்கள் ஊர்களில் வந்துவிட்டது. அதைத் திருப்பிவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

சிகிச்சை முடித்தவருக்கு அப்படியில்லை. சில கீமோ மருந்துகள் விரல் நுனியையும் பாதத்தையும் மரக்கச் செய்யும், பிறேக் பிடிப்பதில் தாமதம் வரும். இரத்தம் உறைய உதவும் குருதிச் சிறுதட்டுகள் குறைந்திருக்கும்போது விழுந்தால் உள்ளுக்குள் இரத்தக் கசிவு ஏற்படலாம். மார்பில் அறுவைச் சிகிச்சை செய்தவருக்குக் குனிந்து ஹாண்டிலைப் பிடிப்பதும் கிறவல் றோட்டில் குலுங்குவதும் நோகும். சோளகம் அடிக்கும் மாதங்களில் பரந்தனில் இருந்து கிளிநொச்சிப் பக்கம் மிதிப்பது இளம் பெடியனுக்கே மூச்சு வாங்கும். ஆகவே சிகிச்சை முடிந்து, இரத்தப் பரிசோதனை சரியாகி, கால் விரல்களில் உணர்ச்சி திரும்பிய பிறகு சைக்கிளுக்கு வாருங்கள். போகும்போது காற்றை எதிர்த்தும் வரும்போது காற்றோடும் வரும்படி பாதையை வைத்துக்கொண்டால் களைத்த நேரத்தில் வீடு சேரச் சுலபம்.

வயலும் தோட்டமும்

"நாங்கள் பரம்பரையாய் வயல் செய்யிற ஆக்கள், எங்களுக்கு ஏன் தனியாய் உடற்பயிற்சி?" என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டல், வேலையில் அசைவதையும் கணக்கில் சேர்க்கிறது. மண்வெட்டி பிடிப்பது, களை பிடுங்குவது, வாய்க்கால் திருத்துவது எல்லாம் உடலுழைப்புத்தான். ஆனால் இன்றைய வன்னி வயலை நேராகப் பார்ப்போம். உழுவது உழவு இயந்திரம், வெட்டுவது வெட்டும் இயந்திரம். காலபோகத்தில் சில கிழமை முதுகு முறியும் வேலை, பிறகு வெகு நாள் வேலியோரம் நின்று பார்ப்பது. சிறுபோகத்துக்குக் குளத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. உடம்புக்குத் தேவை வருடம் முழுக்கக் கிழமைக்குக் கிழமை ஓடும் அசைவு.

சிகிச்சையில் இருப்பவருக்கு வயல் வேலையை நான் பயிற்சியாக எண்ணவே மாட்டேன். களைத்தால் நிறுத்தலாம் என்ற சுதந்திரம் அங்கே இல்லை. கூலிக்குப் போனால் அறவே இல்லை. கமக்கட்டில் நெறிக்கட்டிகளை எடுத்த பெண்ணுக்கு அந்தப் பக்கக் கையில் நிணநீர் தேங்கி வீங்கும் அபாயம் உண்டு. நெல் இலை கீறினாலும் முள் குத்தினாலும் கிருமி புகுந்து கை ஒரே இரவில் வீங்கிச் சிவக்கலாம். மருந்து அடிப்பது வேண்டவே வேண்டாம். களைகொல்லியான கிளைபோசேற்றை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2015இல் மனிதருக்கு அனேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தியது. ஏற்கெனவே களைத்த உடம்போடு முதுகில் தெளிகருவியைச் சுமந்து அந்த மருந்துத் தூறலுக்குள் நடப்பதில் எந்த ஆரோக்கியமும் இல்லை. சுகமாக இருப்பவரும் முகமூடியும் கையுறையும் நீளக் காற்சட்டையும் இல்லாமல் அடிக்கக்கூடாது.

வீட்டுத் தோட்டம் வேறு. பத்துக் கத்தரிக் கன்றுக்குச் சின்ன வாளியில் தண்ணீர் ஊற்றுவது, கீரைப் பாத்தி கொத்துவது, முருங்கை நடுவது. நினைத்த நேரம் தொடங்கலாம், நினைத்த நேரம் இருக்கலாம், கையுறை போட்டுக்கொள்ளலாம். மனதுக்கு அது செய்யும் நன்மை பெரிது. நடையோடு சேர்த்து இதைச் செய்யச் சொல்வேன், நடைக்குப் பதிலாக அல்ல.

வீட்டில் பாரம் தூக்குவது

எல்லோரும் விட்டுவிடும் பகுதி இதுதான், அதனால்தான் இதில் கொஞ்சம் நிற்கிறேன். நடை இருதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது, ஆனால் கரைந்த தசையைத் திருப்பித் தராது. கட்டிலில் இருந்து கையூன்றாமல் எழும்ப, மலசலகூடத்தில் குந்தி எழும்ப, பஸ்ஸில் கம்பியைப் பிடித்து ஏறத் தசை வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கு ஹோர்மோன் தடுப்பு மாத்திரை எடுக்கும் பெண்கள் பலருக்கும், முன்னிற்கும் சுரப்பி (புரோஸ்டேற்) புற்றுநோய்க்கு ஹோர்மோன் ஊசி போடும் ஆண்களுக்கும் எலும்பு தேயும். அவர்களுக்குப் பாரப் பயிற்சி இன்னும் அவசியம்.

மார்பக அறுவைச் சிகிச்சை செய்த பெண்களிடம் "அந்தக் கையால ஒரு பாரமும் தூக்கக்கூடாது" என்று வாழ்நாள் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்கள். 2009இல் வெளியான ஓர் ஆய்வு இந்தப் பயத்தை நேரடியாகச் சோதித்தது. கை வீக்கம் ஏற்கெனவே இருந்த 141 பெண்களில் பாதிப் பேர் ஒரு வருடம் கிழமைக்கு 2 நாள் பாரம் தூக்கினார்கள். மிகக் குறைந்த பாரத்தில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டி, கையை இறுக்கிப் பிடிக்கும் நீள உறை போட்டுக்கொண்டு. வீக்கம் கூடவில்லை. அது திடீரென்று மோசமாகும் சந்தர்ப்பங்களும் பாரம் தூக்கியவர்களில் 14 வீதம், தூக்காதவர்களில் 29 வீதம். தூக்காமல் வைத்திருந்த கை பலவீனமாகி, ஒருநாள் அவசரத்துக்கு நிறைகுடத்தைத் தூக்கும்போதுதான் உண்மையில் அடிபடுகிறது.

இதற்கு உபகரணம் தேவையில்லை. அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் அரைக் கிலோ, ஒரு லீற்றர் போத்தல் ஒரு கிலோ. பழைய சைக்கிள் ரியூப்பை யன்னல் கம்பியில் கட்டி இழுக்கலாம். கைபிடி இல்லாத கதிரையில் இருந்து கையை ஊன்றாமல் எழும்பி இருப்பதைப் பத்துத் தடவை. சுவரில் உள்ளங்கையை வைத்துச் சாய்ந்து தள்ளுவதைப் பத்துத் தடவை. குதியைத் தூக்கி நுனிக்காலில் நிற்பதைப் பத்துத் தடவை. கொஞ்சம் ஓய்வெடுத்து இன்னொரு சுற்று. கிழமைக்கு இரண்டு நாள், ஒவ்வொரு தடவையும் 20 நிமிடத்துக்குள் முடியும். ஒரு போத்தல் இலேசாகிவிட்டது என்று தோன்றி இரண்டு கிழமை கழித்துத்தான் அடுத்த அளவுக்குப் போகவேண்டும். முதல் தடவை மட்டும் மாவட்ட வைத்தியசாலையின் இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) செய்து காட்டித் திருத்தம் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தவர்கள் முதல் 6 முதல் 8 கிழமை பாரம் தூக்காமல், பிறகு சத்திரசிகிச்சை நிபுணரின் சம்மதத்தோடு தொடங்கவேண்டும்.

வாய்ப் புற்றுநோய்க்காரருக்குத் தனியாக ஒரு சொல். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படுவது இந்தப் புற்றுநோய்தான், வன்னியிலும் வெத்திலையும் புகையிலையும் குறைவில்லை. கழுத்தில் நெறிக்கட்டி எடுத்த பிறகு தோளைத் தூக்கும் நரம்பு பாதிக்கப்பட்டு, தோள் கீழே இறங்கி, கையைத் தலைக்கு மேல் கொண்டுபோக முடியாமல் போகலாம். கதிர்ச் சிகிச்சைக்குப் பிறகு தாடை இறுகி ஒரு கவளம் சோறு நுழையாத அளவுக்கு வாய் சுருங்கலாம். இவர்களுக்கு முதல் பயிற்சி குளக்கட்டு நடை இல்லை. தோளைச் சுழற்றுவதும், நாளுக்குப் பல தடவை வாயை இயன்றளவு திறந்து சில நொடி பிடிப்பதும்தான். நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளினால் இறுகியது பிறகு இளகாது.

ஜிம், யோகா, நீச்சல்

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஜிம் வந்துவிட்டது. இயந்திரத்தில் பாரத்தை அளந்து கூட்டலாம், மழையும் வெயிலும் இல்லை. நோய் வராத இளைஞருக்கு நல்லது. கீமோ எடுப்பவருக்கு வேண்டாம் என்பேன். ஊசி போட்ட ஒன்றிரண்டு கிழமையில் வெள்ளைக் குருதியணு அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் பலரின் வியர்வை பட்ட வாங்கும் அடைத்த அறையும் தொற்றுக்கு வாசல். பயிற்றுநருக்குப் புற்றுநோய் பற்றித் தெரிந்திருக்கும் என்றும் எதிர்பார்க்க முடியாது. விசுவமடுவில் இருந்து பஸ்ஸில் போய் வரும் களைப்பே பயிற்சியைத் தின்றுவிடும்.

யோகா களைப்புக்கும் நித்திரைக்கும் உதவுகிறது, வீட்டு அறைக்குள் செய்யலாம், பெண்களுக்கு வசதி. ஆனால் மெதுவான ஆசனங்கள் மூச்சுக்குப் போதிய வேலை கொடுப்பதில்லை. நடைக்கு மேலதிகமாக வைத்துக்கொள்ளுங்கள். முள்ளந்தண்டில் நோய் உள்ளவர் முறுக்கும் ஆசனத்தையும் ஆழக் குனியும் ஆசனத்தையும் தொடக்கூடாது.

குளத்திலும் கடலிலும் நீந்துவது சிகிச்சைக் காலத்தில் இல்லை. ஆறாத காயமும் கதிர் பட்ட தோலும் அந்தத் தண்ணீரில் படக்கூடாது.

கால் இழந்தவர்கள், உடம்பில் ஷெல் துண்டு உள்ளவர்கள்

வேறு இடத்தில் எழுதப்படும் உடற்பயிற்சிக் கட்டுரைகளில் இவர்கள் இருப்பதில்லை. எங்கள் ஊரில் இவர்களை விட்டுவிட்டு எழுத முடியாது. செயற்கைக் காலோடு நடப்பவர் கீமோவில் மெலிந்தாலோ உடம்பில் நீர் போட்டாலோ கால் முண்டத்தின் அளவு மாறும், செயற்கைக் கால் உரசிப் புண் வரும். அந்தப் புண் இலகுவில் ஆறாது. நடையைக் கூட்டுமுன் செயற்கைக் காலின் பொருத்தத்தைத் திருத்தவேண்டும், ஒவ்வொரு இரவும் முண்டத்தைக் கண்ணாடியில் பார்க்கவேண்டும். அதுவரை கதிரையில் இருந்தபடி செய்வதே போதும்: கைகளை முன்னே மாறி மாறிக் குத்துவது, போத்தலை மேலே தூக்குவது, ரியூப்பை இழுப்பது. பத்து நிமிடம் விடாமல் குத்தினால் நடைக்கு வாங்கும் மூச்சு இதிலும் வாங்கும்.

ஷெல் துண்டு உடம்பில் இருப்பது பயிற்சிக்குப் பொதுவாகத் தடையில்லை, அந்த இடத்தில் புதிதாக நோவு வந்தால் காட்டுங்கள். ஆனால் எம்ஆர்ஐ ஸ்கானுக்கு எழுதினால், அறைக்குள் போகுமுன் அந்தத் துண்டைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். காந்தம் உலோகத்தை இழுக்கும்.

நோய் வராமல் தடுக்க நினைப்பவருக்கு

14 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2016இல் வந்த ஆய்வில், ஓய்வு நேரத்தில் அதிகம் அசைபவர்களுக்கு 13 வகைப் புற்றுநோய் குறைவாகக் காணப்பட்டது. மார்பகம், பெருங்குடல், கருப்பை உள்வரி ஆகியவற்றில் ஆதாரம் பலமானது. கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான அசைவு போதும். கடுமையாகச் செய்தால் பாதி நேரம்.

ஆனால் ஒருவர் ஒன்றை மட்டும்தான் மாற்ற முடியும் என்றால், நடப்பதா வெத்திலையை விடுவதா? வெத்திலையை விடுவதுதான். புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004இலேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டார்கள். "நான் புகையிலை போடுறேல்லை, வெறும் பாக்குத்தான்" என்பது காப்பாற்றாது. சுருட்டு, பீடி, சாராயம், கசிப்பு எல்லாம் இதே பக்கம்தான். தினமும் ஐந்து கிலோமீற்றர் நடந்துவிட்டு வாசலில் வெத்திலைத் தட்டத்தோடு இருக்கும் பெரியவர்களை எனக்குத் தெரியும். நடையின் பலன் வாயின் உள்தோலைப் போய்க் காக்காது. வாயில் இரண்டு கிழமைக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைப் படையோ இருந்தால் அன்றே பல் வைத்தியரிடம் போகவேண்டும்.

சாப்பாட்டில் வன்னிக்குக் கையில் இருப்பதே நல்லது. தவிடு போகாத சிவப்பரிசி, குரக்கன், பயறு, முருங்கையிலை வறை, வல்லாரைச் சம்பல், குளத்து மீன். சோடாவும் பிஸ்கட்டும் பொரித்த றோல்ஸும்தான் புதிதாக வந்த கேடு. சிகிச்சையில் இருப்பவரிடம் "சீனி புற்றுநோயை வளர்க்கும்" என்று சொல்லி எல்லாவற்றையும் நிறுத்திப் பட்டினி போடுவதையும், ஏதோ இலைச் சாற்றைக் கொடுத்துக் கீமோவை இடையில் விடச் செய்வதையும் நான் வன்மையாக மறுக்கிறேன். மெலிந்த உடம்புக்குப் பயிற்சியும் ஒட்டாது. முட்டை, மீன், பருப்பு, தயிர் வேண்டும். கீமோ காலத்தில் முட்டையையும் மீனையும் நன்றாக அவித்துக் கொடுங்கள்.

நடை பரிசோதனைக்கு மாற்றும் அல்ல. 35, 45 வயதில் பெண்களைப் பரிசோதிக்கும் வெல் வுமன் கிளினிக்குக்குப் போவது, 6ஆம் வகுப்பில் மகளுக்கு எச்பிவி தடுப்பூசி போடுவது, இரண்டும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு எந்த உடற்பயிற்சியும் தராத பாதுகாப்பு. ஊசி 2017இல் இருந்து பாடசாலையிலேயே போடுகிறார்கள். விருப்பமில்லை என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

என் தேர்வு

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த ஐம்பது வயதுப் பெண்ணுக்கு: கோயில் வீதியில் அயலவரோடு கிழமைக்கு 3 நாள் நடை, 2 நாள் போத்தல் பாரம். பெருங்குடல் அறுவைச் சிகிச்சையும் கீமோவும் முடித்த கமக்காரருக்கு: அந்தக் காலபோகத்தை மகனிடம் விட்டுவிட்டு, நடையை முதலில் 10 நிமிடத்தில் தொடங்கி மூன்று மாதத்தில் முக்கால் மணி நேரத்துக்குக் கொண்டுவருவது. கால் உணர்ச்சி சரியானால் பிறகு சைக்கிள். தடுக்க நினைக்கும் நாற்பது வயதுக்காரருக்கு: வெத்திலையை விட்டு, மோட்டார் சைக்கிளை மூன்று நாள் நிறுத்திச் சைக்கிள். கொழும்பில் இருக்கும் மகளும் கனடாவில் இருக்கும் தம்பியும் இதில் பங்கெடுக்கலாம். வாரம் ஒருமுறை போன் எடுத்து, "மருந்து எடுத்தீங்களா?" என்பதோடு "எத்தனை நாள் நடந்தீங்கள்?" என்றும் கேட்கட்டும். அந்தப் பெருங்குடல் ஆய்வில் பயிற்றுநர் செய்ததில் ஒரு முக்கியமான பகுதி இதுதான்.

சில நாட்களில் பயிற்சியே வேண்டாம். காய்ச்சல் 100.4 பாகைக்கு மேல் இருந்தால் பயிற்சியை விட்டு நேரே வைத்தியசாலைக்கு, கீமோக் காலத்தில் அது அவசரம். நெஞ்சு நோ, தலைச்சுற்று, ஒரு கால் மட்டும் வீங்கி நோவது, புதிதாக வந்து இரவில் கூடும் எலும்பு நோ, சத்தியும் வயிற்றோட்டமும், இவை எதுவும் இருந்தால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள். அடுத்த கிளினிக் நாளில் டொக்டரிடம் மூன்று கேள்வியைத் துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்: என் எலும்பில் நோய் இருக்கிறதா? எனக்குத் தந்த மருந்து இருதயத்தைப் பாதிக்கக்கூடியதா? என் இரத்த அளவுகள் இப்போது வேகமாக நடக்கவும் பாரம் தூக்கவும் போதுமா? மூன்றுக்கும் பதில் சொல்ல ஒரு நிமிடம் போதும், அந்தப் பதிலை உங்கள் கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மாவட்ட வைத்தியசாலையில் இயன்மருத்துவரைப் பார்க்கும்போது அந்தக் கொப்பியைக் காட்டினால் அவருக்கு வேறு எதுவும் கேட்கவேண்டி வராது.